பிஐஇ புரோகிராமில் ஒரு குளோபல் வேரியபிளை எடுக்க கம்பைலர் படும் பாடு

சி மொழியில் ஒரு குளோபல் வேரியபிள் வைத்திருக்கிறீர்கள், அதன் பெயர் 'எண்ணிக்கை' என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபங்ஷனுக்குள் அதோடு 1 கூட்டுகிறீர்கள். எழுதும்போது ஒரே வரி. ஆனால் 64-பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி பிராசசரில் இந்த வரி மெஷின் கோடாக மாறும்போது, 7 பைட்டில் ஒரே கட்டளையாக முடிந்துவிடலாம். இல்லையென்றால் 10 பைட்டில் இரண்டு கட்டளைகளாகி, நடுவில் ஒரு ரிஜிஸ்டரையும் (பிராசசருக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடம்) பிடித்துக்கொண்டு, மெமரியை ஒரு தடவை கூடுதலாகப் போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். நீங்கள் எழுதிய வரி இரண்டிலும் ஒன்றேதான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த வேரியபிள் எங்கே இருக்கிறது என்பது கம்பைலருக்கு எவ்வளவு தெரியும் என்பதிலிருந்து. தெரியாத இடத்தில் அது ஊகிக்க வேண்டியிருக்கிறது, ஊகம் தப்பினால் அதை வேறு யாராவது சரிசெய்ய வேண்டியிருக்கிறது. பிஐஇ, அதாவது மெமரியில் எங்கே ஏற்றினாலும் ஓடும்படி கட்டப்படும் புரோகிராம்களில் கம்பைலர் செய்யும் அந்த ஊகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை முழுக்க.

முதலில் யார் யார் இந்த வேலையில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். கம்பைலர் ஒரு நேரத்தில் ஒரு சோர்ஸ் ஃபைலைத்தான் பார்க்கும், பக்கத்து ஃபைலில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அது உருவாக்கும் ஆப்ஜெக்ட் ஃபைல்களையெல்லாம் ஒன்றாகக் கோத்து ஒரு புரோகிராமாக ஆக்குவது லிங்கர். எல்லா ஃபைலும் அதன் கையில் இருப்பதால் எந்த வேரியபிள் எங்கே இருக்கிறது என்று அதற்கு நன்றாகவே தெரியும். கடைசியில் வருவது டைனமிக் லோடர். புரோகிராமை ஓட்டும் நேரத்தில் அதற்கு வேண்டிய ஷேர்டு லைப்ரரிகளை (பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் தனி ஃபைல்கள்) மெமரியில் ஏற்றி, எது எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறது என்ற இறுதி விடையைத் தெரிந்துகொள்வது அதுதான். ஆக, விஷயம் தெரிந்தவர் கடைசியில் வருகிறார். கட்டளையை எழுத வேண்டியவர் முதலில் வருகிறார். சிக்கலின் வேர் இதுதான்.

முன்பெல்லாம் இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரியவில்லை. ஏனென்றால் புரோகிராம் எங்கே ஏற்றப்படும் என்பது முன்கூட்டியே நிச்சயம். 64-பிட் லினக்ஸில் பழைய வகை புரோகிராம் என்றால் பதினறும எண்முறையில் 400000 என்ற முகவரியில் ஆரம்பிக்கும், எத்தனை தடவை ஓட்டினாலும், எந்த கம்ப்யூட்டரில் ஓட்டினாலும் அங்கேதான். அதனால் லிங்கர் ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு நிலையான முகவரியைக் கொடுத்து, அதைக் கட்டளைக்குள்ளேயே நேராக எழுதிவிடும்.

இது வசதிதான், ஆனால் தாக்குபவருக்கும் அதே வசதி. ஒரு புரோகிராமில் மெமரி சம்பந்தமான ஓட்டை கிடைத்தால், அடுத்து அவருக்குத் தேவைப்படுவது 'எங்கே தாவுவது, எதை மாற்றுவது' என்ற முகவரி. அது எப்போதும் ஒன்றாகவே இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதற்கு எதிராகத்தான் 2001-இல் லினக்ஸுக்குப் பாதுகாப்பு பேட்ச் எழுதிய பேக்ஸ் திட்டத்தினர் முகவரிகளைக் குலுக்கிப்போடும் ஏஎஸ்எல்ஆர் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். 2005-இல் லினக்ஸ் கெர்னல் 2.6.12-லேயே இதன் ஒரு வடிவம் சேர்ந்துவிட்டது. ஆனால் ஸ்டாக்கையும் லைப்ரரிகளையும் குலுக்கிவிட்டு, முதன்மை புரோகிராமை மட்டும் 400000-இலேயே விட்டுவைத்தால் பூட்டிய வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தே கிடக்கிறது என்றுதான் பொருள். அதையும் நகர்த்த வேண்டுமென்றால் அது எங்கே ஏற்றினாலும் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். அப்படிக் கட்டப்பட்டதுதான் பொசிஷன்-இண்டிபெண்டன்ட் எக்ஸிகியூட்டபிள், சுருக்கமாக பிஐஇ. ஓபன்பிஎஸ்டி 2013-இல் வந்த 5.3 பதிப்பிலேயே பல பிராசசர்களில் இதை வழக்கமாக்கியது, ஆண்ட்ராய்டு 5.0 பிஐஇ அல்லாதவற்றை ஓட்டவே மறுத்தது, உபுண்டு 16.10-உம் 2017-இல் வந்த டெபியன் 9-உம் தங்கள் ஜிசிசி கம்பைலர் தானாகவே பிஐஇ-யாக உருவாக்கும்படி அமைத்தன. இன்று நீங்கள் லினக்ஸில் சாதாரணமாக ஒரு சி புரோகிராமைக் கம்பைல் செய்தால் கிடைப்பது பெரும்பாலும் பிஐஇ-தான், கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும்.

சரி, முகவரியே தெரியாமல் வேரியபிளை எப்படி எடுப்பது? ஓடும் ரயிலில் பேன்ட்ரி கார் எங்கே என்று கேட்டால் யாரும் ஊர் பெயரைச் சொல்வதில்லை, 'ரெண்டு பெட்டி தள்ளி' என்பார்கள். ரயில் எங்கே இருந்தாலும் அந்த விடை மாறாது. பிஐஇ-யும் அதையேதான் செய்கிறது. புரோகிராம் மொத்தமும் ஒரே துண்டாக நகர்வதால், ஒரு கட்டளைக்கும் அதே புரோகிராமில் இருக்கும் ஒரு வேரியபிளுக்கும் இடையிலான தூரம் மாறவே மாறாது. கட்டளை முடிந்து அடுத்த கட்டளை தொடங்கும் இடம் புரோகிராமின் ஆரம்பத்திலிருந்து 4,407-ஆவது பைட், வேரியபிள் 16,432-ஆவது பைட் என்றால் தூரம் 12,025. புரோகிராமை எங்கே ஏற்றினாலும் அது 12,025-தான். எக்ஸ்86-64 பிராசசரில் 'நான் இருக்கும் இடத்திலிருந்து இவ்வளவு தூரத்தில்' என்று ஒரே கட்டளையில் சொல்ல முடியும், இதற்கு ரிப் சார்ந்த முகவரி என்று பெயர். ரிப் என்பது அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரிஜிஸ்டர். தூரத்தை எழுத 32 பிட் இடம் உண்டு, அதாவது முன்னும் பின்னும் 2 ஜிபி வரை எட்டும். ஆர்ம் 64-பிட்டில் இதே வேலைக்கு இரண்டு கட்டளைகள் வேண்டும்: முதலாவது 4 கேபி பக்கத்தின் முகவரியைக் கணக்கிடும், இரண்டாவது அந்தப் பக்கத்துக்குள் எங்கே என்பதைச் சேர்த்துக்கொள்ளும்.

பழைய 32-பிட் எக்ஸ்86-இல் டேட்டாவுக்கு இந்த வசதி கிடையாது. அங்கே 'நான் எங்கே இருக்கிறேன்' என்று தெரிந்துகொள்வதற்கே ஒரு சின்ன ஃபங்ஷனைக் கூப்பிட்டு, திரும்பி வரவேண்டிய முகவரியை ஸ்டாக்கிலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும், அந்த விடையை வைத்துக்கொள்ள இருக்கிற கொஞ்ச ரிஜிஸ்டரில் ஒன்றையும் ஒதுக்க வேண்டும். பிஐஇ என்றால் மெதுவாகிவிடும் என்ற பேச்சு பெரும்பாலும் அந்தக் காலத்தில் பிறந்தது. 64-பிட்டில் அந்தச் சுமை பெருமளவு போய்விட்டது.

போகாமல் மிச்சம் இருப்பது ஒன்று உண்டு, அதுதான் நம் விஷயம். 'எண்ணிக்கை' என்ற வேரியபிள் இந்த ஃபைலில் வரையறுக்கப்படவில்லை, வெளியே எங்கோ இருக்கிறது என்று எக்ஸ்டர்ன் போட்டு அறிவித்திருக்கிறீர்கள். கம்பைலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அது இதே புரோகிராமின் இன்னொரு ஃபைலில் இருக்கலாம், அப்படியானால் தூரம் மாறாதது, நேராக எடுக்கலாம். ஆனால் ஏதோ ஒரு ஷேர்டு லைப்ரரியில் இருந்தால்? லைப்ரரி தனியாக ஏற்றப்படுகிறது, தனியாகக் குலுக்கப்படுகிறது. தூரம் ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு. அதோடு, தூரமே 32 பிட்டில் அடங்காது. 64-பிட் எக்ஸ்86 லினக்ஸில் பிஐஇ புரோகிராமின் முகவரி வழக்கமாக பதினறும முறையில் 55 அல்லது 56 என்று ஆரம்பிக்கும், லைப்ரரிகளின் முகவரி 7எஃப் என்று ஆரம்பிக்கும். இரண்டுக்கும் இடையே சுமார் 40 டெராபைட் இடைவெளி. 2 ஜிபி எட்டும் கையை நீட்டி அதைத் தொட முடியாது.

இதற்கான நெடுநாள் தீர்வு குளோபல் ஆஃப்செட் டேபிள், சுருக்கமாக ஜிஓடி. புரோகிராமுக்குள்ளேயே ஒரு அட்டவணை. ஒவ்வொரு வேரியபிளுக்கும் 8 பைட்டில் ஒரு கட்டம். ஓடும் நேரத்தில் லோடர் உண்மையான முகவரியைக் கண்டுபிடித்து அந்தக் கட்டத்தில் எழுதி வைத்துவிடும். அட்டவணை புரோகிராமுக்குள் இருப்பதால் அதற்கான தூரம் மாறாதது. ஆகவே கம்பைலர் முதலில் ஜிஓடி கட்டத்திலிருந்து முகவரியை ஒரு ரிஜிஸ்டரில் எடுக்கிறது, அப்புறம் அந்த முகவரிக்குப் போய் வேரியபிளைத் தொடுகிறது. மேலே சொன்ன கூட்டல் உதாரணத்தில், ஜிஓடி-யிலிருந்து முகவரியை எடுக்க 7 பைட், அந்த முகவரியில் 1 கூட்ட 3 பைட், மொத்தம் 10. நேராக எடுக்க முடிந்திருந்தால் 7 பைட்டில் ஒரே கட்டளை.

3 பைட்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று தோன்றலாம். பைட்டைவிட முக்கியமானது வரிசை. முகவரி வந்து சேரும் வரை அடுத்த கட்டளை காத்திருக்க வேண்டும். அது பிராசசருக்குள்ளேயே இருக்கும் மிக வேகமான மெமரியான எல்1 கேஷில் இருந்தாலே நான்கைந்து சைக்கிள் ஆகும், இல்லாவிட்டால் இன்னும் அதிகம். ஒரு லூப்புக்குள் இருந்தால் கம்பைலர் அந்த முதல் கட்டளையை லூப்புக்கு வெளியே தூக்கி வைத்துவிடும், அங்கே நஷ்டம் பெரிதாகத் தெரியாது, ஆனால் அந்த லூப் முழுக்க ஒரு ரிஜிஸ்டர் போய்விடுகிறது. சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் நிறைய குளோபல் வேரியபிள்களைத் தொடும் புரோகிராம்களில்தான், இன்டர்பிரட்டர் மாதிரி, இது உறைக்கும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ஷேர்டு லைப்ரரியை உருவாக்கும்போதும் இதே கதைதானே, அப்போது பிஐசி (பொசிஷன்-இண்டிபெண்டன்ட் கோடு) என்று வேறொரு ஆப்ஷன் எதற்கு, பிஐஇ என்று தனியாக இன்னொன்று எதற்கு? இரண்டும் 'எங்கே ஏற்றினாலும் ஓடும்' வகைதான். வித்தியாசம் பெயர் மோதல் வந்தால் யார் ஜெயிப்பது என்பதில் இருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்தும் எல்ஃப் என்ற புரோகிராம் ஃபைல் முறையில், ஒரே பெயரில் இரண்டு இடத்தில் வேரியபிள் இருந்தால் லோடர் தேடும் வரிசையில் முதலில் அகப்படுவதே எல்லோருக்குமானது. அந்த வரிசையில் முதல் இடம் எப்போதும் முதன்மை புரோகிராமுக்கு. முன்கூட்டியே ஏற்றச் சொல்லும் பிரீலோடு லைப்ரரிகள்கூட அதற்கு அடுத்துதான். ஆகவே லைப்ரரியை பிஐசி-யாக கம்பைல் செய்யும்போது, அதே ஃபைலில் நீங்களே வரையறுத்த வேரியபிளைக்கூட கம்பைலர் நம்பி நேராக எடுக்க முடியாது, வேறொருவர் அதை மறைத்துவிடக்கூடும், எனவே ஜிஓடி வழியாகத்தான் போகும். பிஐஇ-யில் அந்தப் பயம் இல்லை. இங்கே வரையறுத்தது இங்கேயேதான், யாராலும் மறைக்க முடியாது, நேராக எடுக்கலாம். பிஐஇ ஆப்ஷனின் பயனே இந்த நிச்சயம்தான். புரோகிராமை பிஐசி ஆப்ஷன் போட்டு கம்பைல் செய்தாலும் ஓடும், ஆனால் இந்த லாபம் கையைவிட்டுப் போகும்.

வரையறை இருக்கும் வேரியபிளுக்கு விடை கிடைத்துவிட்டது. எக்ஸ்டர்ன் வேரியபிளுக்கு? 2015 வரை ஜிசிசி இதில் ஜாக்கிரதையாக இருந்தது. தெரியாது என்றால் ஜிஓடி. ஆனால் உண்மை நிலவரம் என்னவென்றால், ஒரு பெரிய புரோகிராமின் ஃபைல்களில் எக்ஸ்டர்ன் என்று அறிவிக்கப்படும் வேரியபிள்களில் பெரும்பாலானவை அதே புரோகிராமின் வேறொரு ஃபைலில்தான் இருக்கும், ஷேர்டு லைப்ரரி தன் வேரியபிளை நேராக வெளியே நீட்டுவது அரிது. அரிதான ஒன்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் சுற்றுவழியில் அனுப்புவானேன்? ஜிசிசி 5 இந்த இடத்தில் துணிந்து ஊகித்தது: எக்ஸ்86-64-இல், பிஐஇ என்றால், எக்ஸ்டர்ன் டேட்டாவும் இதே புரோகிராமுக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள், ஒரே கட்டளையில் நேராக எடு. லிங்கர் இதற்கு ஒத்துழைக்கும் பதிப்பாக இருந்தால் மட்டும்.

ஊகம் சரியாக இருந்தால் எல்லோருக்கும் லாபம். தப்பாகிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் சுவாரசியமான பகுதி. புரோகிராமின் கட்டளைகள் ஏற்கெனவே 'வேரியபிள் பக்கத்தில்தான் இருக்கிறது' என்று எழுதப்பட்டுவிட்டன, கையெட்டும் தூரத்துக்குள் அது இருந்தே ஆக வேண்டும். அதனால் லிங்கர் என்ன செய்கிறது என்றால், வேரியபிளையே இங்கே வரவழைத்துவிடுகிறது! லைப்ரரியில் அந்த வேரியபிள் எவ்வளவு பெரியது என்று பார்த்து, அதே அளவு காலி இடத்தை புரோகிராமுக்குள் ஒதுக்குகிறது, 'இதை நிரப்பிக் கொடு' என்று லோடருக்கு ஒரு குறிப்பும் எழுதி வைக்கிறது. முகவரியையோ மதிப்பையோ பிறகு நிரப்பச் சொல்லும் இப்படிப்பட்ட குறிப்புகளுக்குப் பொதுவாக ரீலொகேஷன் என்று பெயர், இந்த வகைக்குப் பெயர் காப்பி ரீலொகேஷன். புரோகிராம் தொடங்கும்போது லோடர் லைப்ரரியில் இருக்கும் ஆரம்ப மதிப்பை அந்த இடத்துக்கு அப்படியே நகலெடுக்கிறது. இப்போது ஒரே வேரியபிளுக்கு இரண்டு இடம் ஆகிவிட்டதே, லைப்ரரி பழைய இடத்தில் எழுதி புரோகிராம் புது இடத்தில் படித்தால் என்ன கதி? அங்கேதான் முன்னே சொன்ன தேடல் வரிசை கைகொடுக்கிறது. லைப்ரரி தன் சொந்த வேரியபிளையும் ஜிஓடி வழியாகத்தான் எடுக்கிறது, அந்தக் கட்டத்தை நிரப்பும்போது லோடர் பெயரைத் தேடினால் முதலில் அகப்படுவது புரோகிராமுக்குள் இருக்கும் நகல், எனவே லைப்ரரியும் அந்த நகலையே பயன்படுத்த ஆரம்பித்துவிடும். பழைய இடம் கேட்பாரற்றுக் கிடக்கும்.

அழகான ஏற்பாடு, புதியதும் அல்ல. நிலையான முகவரியில் ஓடிய பழைய புரோகிராம்கள் நெடுங்காலமாக இதையே நம்பித்தான் இருந்தன. ஜிசிசி 5 செய்தது அதை பிஐஇ-க்கும் நீட்டியதுதான். சி லைப்ரரியின் எஸ்டிடிஅவுட் என்ற வேரியபிளை நேராகத் தொடும் புரோகிராமில் அதற்கு ஒரு காப்பி ரீலொகேஷன் இருப்பதைப் பார்க்கலாம், அது வெறும் 8 பைட் பாயின்டர். சி பிளஸ் பிளஸ்ஸில் திரையில் எழுதப் பயன்படும் சிஅவுட் ஆப்ஜெக்ட்டும் இப்படித்தான் புரோகிராமுக்குள் வந்து உட்காருகிறது, 64-பிட் லினக்ஸில் அது 272 பைட்.

ஊகம் செய்யவே கூடாத ஒரு இடமும் உண்டு. வீக் என்று குறித்து அறிவிக்கும் எக்ஸ்டர்ன் வேரியபிள்: 'இருந்தால் பயன்படுத்து, இல்லாவிட்டால் அதன் முகவரி 0' என்று அர்த்தம். இப்படி முகவரி 0-ஆ என்று சோதிக்கும் கோடு எழுதுவது வழக்கம். ரிப் சார்ந்த தூரத்தால் 0 என்ற முகவரியைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் நான் எங்கே இருக்கிறேன் என்பதே ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. ஆகவே இங்கே ஜிஓடி-தான், கட்டத்தில் 0 எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இனி விலை. காப்பி ரீலொகேஷனை நான் முழு மனதோடு ஆதரிப்பதில்லை, அதன் சுமையைத் தூக்குவது புரோகிராம் எழுதியவர் அல்ல, லைப்ரரி எழுதியவர் என்பதால். முதல் பிரச்சினை, அளவு. லைப்ரரியில் 10 இடம் கொண்ட ஒரு அர்ரே இருந்து, நீங்கள் புரோகிராமைக் கட்டியபோது லிங்கர் அந்த 10 இடத்துக்கு மட்டும் இடம் ஒதுக்கியது. அடுத்த பதிப்பில் லைப்ரரிக்காரர் அதை 12 ஆக்குகிறார். பழைய புரோகிராமில் இடம் 10-க்குத்தான், லோடர் 10-ஐ மட்டும் நகலெடுத்துவிட்டு, அளவு வேறாக இருக்கிறது, மறுபடி லிங்க் செய்யுங்கள் என்று ஒரு எச்சரிக்கை கொடுக்கும். லைப்ரரி 11-ஆவதைத் தொட்டால் அங்கே இருப்பது வேறு யாருடைய டேட்டாவோ. ஒரு வேரியபிளின் அளவு என்பது லைப்ரரியின் உள் விஷயமாக இருக்க வேண்டும், இங்கே அது வெளியே உறைந்துபோய்விடுகிறது.

இரண்டாவது இன்னும் மோசமானது. லைப்ரரிக்காரர் வேகத்துக்காக 'என் வேரியபிளை யாரும் மறைக்க முடியாது, வெளியிலிருந்து பார்க்கலாம், ஆனால் நான் நேராகவே எடுப்பேன்' என்று குறித்து வைக்க எல்ஃபில் வழி இருக்கிறது, புரொடெக்டட் விசிபிலிட்டி என்று பெயர். அப்படிக் குறித்த வேரியபிளுக்கு புரோகிராமில் ஒரு நகல் உருவானால், லைப்ரரி பழைய இடத்தையும் புரோகிராம் புது இடத்தையும் பார்த்துக்கொண்டு, இரண்டு பேரும் வெவ்வேறு உலகத்தில் வாழ்வார்கள். ஒருவர் மாற்றியது இன்னொருவருக்குத் தெரியாது. எந்த எரரும் வராது, மதிப்பு மட்டும் தப்பாக இருக்கும். இதைத் தவிர்க்க ஜிசிசி 5, எக்ஸ்86-இல் புரொடெக்டட் டேட்டாவையும் லைப்ரரிக்குள்ளேயே ஜிஓடி வழியாக எடுக்கும்படி மாற்றிவிட்டது. அதாவது புரோகிராம் ஒரு கட்டளையை மிச்சம் பிடிக்க, லைப்ரரி கூடுதலாக ஒரு கட்டளையைச் செலவழிக்கிறது. லைப்ரரிக்காரர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை. க்யூடி லைப்ரரி இந்த விவகாரத்தில் நேராகவே அடிபட்டது. அது தன் ரீலொகேஷன்களைக் குறைத்துக் கட்டப்பட்டிருந்தால், அதைப் பயன்படுத்தும் புரோகிராம்களை பிஐசி ஆப்ஷனோடுதான் கம்பைல் செய்ய வேண்டும், பிஐஇ போதாது என்று ஹெடர் ஃபைலிலேயே எரர் கொடுத்து நிறுத்தியது. க்யூடி 5-இல் வேலை செய்தவர்கள் அந்த எரரை மறந்திருக்க மாட்டார்கள்.

கம்பைலர் ஊகிப்பதற்குப் பதிலாக, விஷயம் தெரிந்த லிங்கரிடமே முடிவை விட்டால் என்ன? இந்த வழியும் ஏறக்குறைய அதே சமயத்தில் வந்தது. கம்பைலர் ஜாக்கிரதையாக ஜிஓடி வழியிலேயே கட்டளை எழுதும், ஆனால் அந்த இடத்தில் 'வேண்டுமானால் இதை மாற்றி எழுதிக்கொள்ளலாம்' என்று ஒரு சிறப்பு ரீலொகேஷன் குறியைப் போட்டு வைக்கும். லிங்கர் எல்லா ஃபைலையும் சேர்க்கும்போது, அடடா இந்த வேரியபிள் இங்கேயே இருக்கிறதே என்று கண்டால், மெமரியிலிருந்து முகவரியைப் படிக்கும் கட்டளையை, முகவரியைக் கணக்கிட்டு மட்டும் கொள்ளும் கட்டளையாக மாற்றிவிடும். இரண்டும் 7 பைட். மாறுவது தூரமும், நடுவில் ஒரு பைட்டும்: 8-பி என்பது 8-டி ஆகிறது, அவ்வளவே. ஜிஎன்யூ லிங்கரில் இது அந்த லிங்கர் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பின் 2016 ஜனவரியில் வந்த 2.26 பதிப்பில் சேர்ந்தது.

இதில் எந்த ஊகமும் இல்லை, லைப்ரரிக்காரருக்குத் தொந்தரவும் இல்லை. அதனால் எனக்கு இதுவே பிடித்த வழி. ஆனால் முழு லாபம் கிடைக்காது. மெமரியை ஒரு தடவை கூடுதலாகப் பார்க்கும் வேலை போய்விட்டது, ஆனால் கட்டளைகள் இன்னும் இரண்டுதான், ரிஜிஸ்டரும் போனது போனதுதான். கம்பைலர் வேலையை முடித்துவிட்ட பிறகு லிங்கர் நடுவே வந்து கட்டளைகளைக் குறைத்து மற்றதையெல்லாம் நகர்த்தி அடுக்க முடியாது, அதே அளவு இடத்துக்குள் மாற்றி எழுத மட்டுமே முடியும். கூட்டல் உதாரணத்தில் 10 பைட் 10 பைட்டாகவே இருக்கும்.

கம்பைலர்கள் இதில் ஒரே பக்கம் நிற்கவில்லை. கிளாங் எக்ஸ்86-64 லினக்ஸில் பிஐஇ-க்கு எக்ஸ்டர்ன் டேட்டாவை வழக்கமாக ஜிஓடி வழியாகவே எடுக்கிறது, நேராக எடுக்க வேண்டுமென்றால் நீங்கள் தனியாக ஆப்ஷன் கொடுத்துக் கேட்க வேண்டும். ஜிசிசி எதிர்ப்பக்கம்: வழக்கமாக நேராக எடுக்கும், வேண்டாம் என்றால் சொல்ல வேண்டும். அப்படி வேண்டாம் என்று சொல்வதற்கான ஆப்ஷன் எக்ஸ்86-க்கு 2022-இல் வந்த ஜிசிசி 12-இல்தான் கிடைத்தது. அதைக் கொடுத்துக் கட்டினால் காப்பி ரீலொகேஷனுக்குத் தேவையே வராது, லைப்ரரிகளும் தங்கள் புரொடெக்டட் வேரியபிள்களை நேராக எடுக்கலாம்.

உங்கள் கையில் என்ன இருக்கிறது? நிறையவே. கம்பைலர் ஊகிப்பது அதற்குத் தெரியாததால்தானே, தெரியப்படுத்திவிட்டால் போதும். ஒரு ஃபைலுக்குள் மட்டும் பயன்படும் வேரியபிள் என்றால் ஸ்டாட்டிக் என்று போடுங்கள், எந்த ஆப்ஷனாக இருந்தாலும் எந்த கம்பைலராக இருந்தாலும் நேராக எடுக்கும். பல ஃபைல்கள் பகிரும் ஆனால் வெளியே போகாத வேரியபிள் என்றால் அதன் அறிவிப்பிலேயே ஹிடன் விசிபிலிட்டி என்று குறியுங்கள். ஹெடரில் இருக்கும் எக்ஸ்டர்ன் அறிவிப்பில் இது இருக்க வேண்டும் என்பது முக்கியம், வரையறுக்கும் இடத்தில் மட்டும் போட்டால் மற்ற ஃபைல்களைக் கம்பைல் செய்யும்போது கம்பைலருக்கு அது தெரியாது. கம்பைலர் கமாண்டில் எல்லாவற்றையும் ஹிடன் ஆக்கும் ஆப்ஷன் இருக்கிறதே என்று சிலர் அதை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அந்த ஆப்ஷன் எக்ஸ்டர்ன் அறிவிப்புகளைத் தொடாது, வரையறைகளுக்கு மட்டும்தான். ஹிடன் என்று சொல்லிவிட்டு வேரியபிள் உண்மையில் லைப்ரரியில் இருந்தால் லிங்கர் அப்போதே எரர் கொடுத்து நிறுத்திவிடும். அது நல்லது, ஓடும்போது தப்பான மதிப்பைக் காட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு வழி எல்டிஓ, அதாவது லிங்க் செய்யும் நேரத்தில் மறுபடி ஆப்டிமைஸ் செய்வது. அப்போது லிங்கர் எந்தப் பெயர் எங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியலை கம்பைலரிடம் கொடுத்துவிடும், கம்பைலர் அதை வைத்துக்கொண்டு கட்டளைகளை எழுதும். ஊகம், திருத்தம் எதுவும் வேண்டாம், ஒரே கட்டளை, 7 பைட். பில்டு நேரம் கூடும் என்பதுதான் இதன் விலை, பெரிய புரோகிராம்களில் அது கணிசமாகவே கூடும்.

இதையெல்லாம் சொந்தமாகப் பார்க்க ஆசை இருந்தால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். எக்ஸ்டர்ன் வேரியபிளில் 1 கூட்டும் ஒரு ஃபங்ஷனை மட்டும் ஒரு ஃபைலில் எழுதி, லிங்க் செய்யாமல் ஆப்ஜெக்ட் ஃபைலாக நிறுத்திக்கொள்ளுங்கள், ஆப்டிமைசேஷனை இரண்டாம் நிலையில் வையுங்கள். ஒரு தடவை பிஐஇ ஆப்ஷனோடு, இன்னொரு தடவை பிஐசி ஆப்ஷனோடு. இரண்டையும் ஆப்ஜ்டம்ப் கருவியில் ரீலொகேஷன்களோடு சேர்த்துப் பாருங்கள். ஜிசிசி என்றால் பிஐஇ-யில் கூட்டல் கட்டளை ஒன்றுதான் இருக்கும், அதன் ரீலொகேஷன் நேரான தூரத்தைக் குறிக்கும் வெறும் பிசி32. பிஐசி-யில் இரண்டு கட்டளைகள் இருக்கும், ரீலொகேஷன் பெயரில் ஜிஓடி என்ற எழுத்துகள் தெரியும், கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அது லிங்கர் மாற்றி எழுதலாம் என்ற அந்த அனுமதிக் குறி. அப்புறம் எஸ்டிடிஅவுட்டைத் தொடும் ஒரு முழு புரோகிராமைக் கட்டி ரீட்எல்ஃப் கருவியில் அதன் ரீலொகேஷன் பட்டியலைப் பாருங்கள். காப்பி என்ற சொல் அங்கே இருந்தால் உங்கள் கம்பைலர் ஊகித்திருக்கிறது, அந்த ஒரு வேரியபிளில் ஊகம் தப்பியிருக்கிறது, லோடர் அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அதே புரோகிராமை கிளாங்கில் கட்டினால் அந்த வரி போய், அந்த இடத்தில் ஜிஓடி கட்டத்தை நிரப்பச் சொல்லும் குளோப்-டாட் என்ற வரி வந்திருக்கும்.